சேதுக்கரைக் குறிப்புகள்: ஆயிரம் பெண்களின் தாயார்

இராமேசுவரத்தில் ஸ்வாமி தரிசனம் முடித்துக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் சாதாரணமாக இரண்டு காரியங்கள் செய்வார்கள். இரு கடலும் கூடுமிடத்தில் காலை நனைத்துக்கொள்வார்கள், பிறகு கிழக்கே கையை நீட்டி, "அதோ இலங்கை!" என்பார்கள். அங்கே தெரிவது மேகமா, மணல் திட்டா, வெறும் ஆசையா என்பதைப் பற்றி யாரும் விவாதிப்பது வழக்கமில்லை. தலைமன்னார் 18 மைல் தூரம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயிலும் கப்பலுமாகச் சேர்ந்து ஜனங்களை அக்கரைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. 1964 டிசம்பர் மாதத்துப் புயல் ஒரே இரவில் அந்த ஏற்பாட்டை முடித்துவிட்டது. இன்று அங்கே நிற்பவை ரயில் நிலையத்தின் சில சுவர்களும் கூரையிழந்த ஒரு மாதா கோயிலுந்தான்.

ரயிலுக்கும் கப்பலுக்கும் முன்னாலேயே இந்தக் கடலில் போக்குவரத்து இருந்தது. தொண்டியிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் யாழ்ப்பாணத்துக்குப் பாய்மரத் தோணிகள் போய் வந்தன. நெல் போயிற்று, புகையிலை வந்தது, மாப்பிள்ளைகளும் போனார்கள், வந்தார்கள். விவேகானந்த ஸ்வாமிகள் 1897 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் பேசிவிட்டு இந்தக் கடலைக் கடந்துதான் பாம்பனில் கரையிறங்கினார். பாஸ்கர சேதுபதி மகாராஜா அவரை அங்கே வரவேற்ற செய்தி நேயர்கள் அறிந்ததே. அதற்கு 63 ஆண்டுகளுக்கு முன்பு, 1834-ல், லீவை ஸ்பால்டிங் என்ற அமெரிக்கப் பாதிரியார் யாழ்ப்பாணத்துத் தமிழர் சிலரை உடன் அழைத்துக்கொண்டு இதே கடலைத் தாண்டி மதுரைக்குப் போனார். மதுரையிலும் அதைச் சுற்றிய சீமைகளிலும் பின்னால் தோன்றிய அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் அந்தத் தோணிப் பிரயாணமே பிள்ளையார் சுழி. பாதிரியாருக்குப் பிள்ளையார் சுழி போட்டதற்காக இரு தரப்பாரும் என்னை மன்னிப்பார்களாக!

அந்த ஸ்பால்டிங் தம்பதிகள் நடத்திய பெண் பள்ளியில் பிறகு வந்து சேர்ந்த ஓர் அம்மையாரைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசம்.

உத்தேசத்தை வெளியிட்டவுடனேயே ஒரு நண்பர் ஆட்சேபம் எழுதிவிட்டார். "நம் குழந்தைகளை நம் ஸமயத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு போக வந்தவர்களுக்கு நம் பத்திரிகையில் என்ன இடம்?" என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்லாமல் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மையாரின் பெயர் எலிஸா ஆக்னியு. 1807 பிப்ரவரியில் நியூயார்க் நகரத்தில் பிறந்தவர். அங்கே பிரெஸ்பிடீரியன் சபையைச் சேர்ந்தவர். பிரெஸ்பிடீரியன் என்றால் என்னவோ என்று மலைக்க வேண்டியதில்லை. மேற்றிராணியார் என்று ஒருவர் தலைமேல் உட்காராமல், சபையார் தெரிந்தெடுக்கும் மூப்பர்கள் கூடி நிர்வாகம் செய்கிற கிறிஸ்தவப் பிரிவு அது. ஸ்காட்லாந்து தேசத்தில் வேரூன்றி அமெரிக்காவில் தழைத்தது. நம் ஊர்ப் பஞ்சாயத்தைப் போன்றதென்று சொன்னால் ஓரளவு பொருந்தும்.

எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடம் நடந்துகொண்டிருந்ததாம். உபாத்தியாயர் தேசப்படத்தைக் காட்டி, தூர தேசங்களில் போதிக்கப் போனவர்களைப் பற்றிச் சொன்னாராம். அந்தக் குழந்தை அன்றே தானும் போவதென்று தீர்மானித்துவிட்டதாம். எட்டு வயதுத் தீர்மானங்களை நாம் அறியாதவர்களா? நம் வீட்டுப் பிள்ளைகள் திங்கட்கிழமை ரயில் ஓட்டுவதாகவும் செவ்வாய்க்கிழமை மிட்டாய்க் கடை வைப்பதாகவும் தீர்மானிக்கிறார்கள். ஆனால் இந்தப் பெண் அதை விடவில்லை. பெற்றோர் உயிரோடிருக்கும்வரை அவர்களைக் கவனித்துக்கொண்டு வீட்டில் இருந்தார். அவர்கள் காலமான பின்பு, தமது 32-ஆவது வயதில், 1839 ஜூலைக் கடைசியில் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறினார். சூயஸ் கால்வாய் திறப்பதற்கு இன்னும் 30 ஆண்டு இருந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்து யாழ்ப்பாணம் சேர்ந்தபோது 1840 ஜனவரி. அரை வருஷப் பிரயாணம். திரும்பிப் போகும் பிரயாணத்தை அவர் செய்யவே இல்லை.

அவர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816-ல். ஆங்கிலேய அரசாங்கத்துக்கு இவர்கள்மேல் அவ்வளவு பிரியம் கிடையாது. அமெரிக்கா வெள்ளைக்காரனிடமிருந்து சண்டையிட்டுப் பிரிந்த தேசமல்லவா? 1820-ல் அச்சு வேலை தெரிந்த காரட் என்பவர் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியபோது, கவர்னர் பார்ன்ஸ் துரை அவரை இலங்கையை விட்டே வெளியேறச் சொல்லிவிட்டார். புதிதாக எந்த அமெரிக்கரும் வரக்கூடாதென்ற தடை 1833 வரையில் நீடித்தது. ஆகவே, ஏற்கெனவே வந்திருந்த சில குடும்பத்தாரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவர்களில் ஒருவர் ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார். பெரிய தமிழ் அகராதியை 1862-ல் வெளியிட்ட வின்ஸ்லோ பண்டிதரின் மனைவி. அந்த அம்மையார் 1824-ல் உடுவிலில் பெண் குழந்தைகளுக்கென்று, அங்கேயே தங்கிப் படிக்கும்படியாக, ஒரு பாடசாலை ஆரம்பித்தார். ஆசியாக் கண்டத்திலேயே இவ்வகையில் இதுதான் முதலாவது என்று அந்தப் பள்ளியார் பெருமையுடன் சொல்லிக்கொள்வார்கள். (இடையில் ஒரு சேதி: அமெரிக்காவின் அந்நிய விவகார மந்திரியாயிருந்த ஜான் பாஸ்டர் டல்லஸ் இந்த அம்மையாரின் கொள்ளுப்பேரர். அவருடைய பாட்டியார் பிறந்தது யாழ்ப்பாணத்தில்!)

பள்ளிக்கூடம் திறந்துவிடலாம், பெண் குழந்தைகளுக்கு எங்கே போவது? ஆண் பிள்ளை படித்தால் கச்சேரியில் உத்தியோகம் கிடைக்கும். பெண் படித்தால் என்ன கிடைக்கும்? எழுத்துத் தெரிந்த பெண்ணுக்கு வரன் கிடைக்காது என்பதுதான் கிடைக்கும். அந்நாளில் இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய அபிப்பிராயம் அல்ல. ஷ்வார்ட்ஸ் பாதிரியார் முயற்சியால் இராமநாதபுரத்திலே 1785-ல் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. ஆனால் அது பையன்களுக்குத்தான். சேதுச் சீமைப் பெண்களுக்கு ஏடும் எழுத்தாணியும் இன்னும் வெகு தூரத்தில் இருந்தன.

உடுவிலுக்கு முதல் குழந்தைகள் வந்த விதத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. தையல் கற்க வந்த இரண்டு சிறுமிகள் ஒரு நாள் மாலை பெருமழையில் அகப்பட்டுக்கொண்டார்கள். வாய்க்கால் பெருக்கெடுத்து வழியை மறித்துவிட்டது. இரவு அங்கேயே தங்க நேர்ந்தது. பசிக்கிறதென்று அழுத குழந்தைகளுக்கு வின்ஸ்லோ அம்மையார் சாப்பாடு போட்டுவிட்டார். மறுநாள் தகப்பனார் வந்தார். அந்நியர் வீட்டில் குழந்தைகள் உண்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். கோபம் தணிந்த பிறகு, "சாப்பிட்டதுதான் சாப்பிட்டாகிவிட்டது, இனி நீங்களே வைத்துப் படிப்பியுங்கள்" என்று விட்டுப் போய்விட்டாராம். பெண் கல்விக்கு யாழ்ப்பாணத்தில் அடிகோலியது ஒரு மழையும் ஒரு பிடி சோறுந்தான்!

இன்னொரு தந்திரமும் செய்தார்கள். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் சீதனம் என்பது பெரிய விஷயம். சீதனமில்லாத பெண்ணைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஆகவே, கடைசி வகுப்புவரை இருந்து படிக்கும் பெண்ணுக்கு மிஷனே ஒரு சிறு சீதனத் தொகை கொடுப்பதென்று ஏற்பாடு செய்தார்கள். மாப்பிள்ளைகளுக்கும் வழி பிறந்தது. வட்டுக்கோட்டையில் 1823-ல் ஆரம்பித்த செமினரியிலிருந்து கணிதமும் வான சாஸ்திரமும் படித்த இளைஞர்கள் வெளிவந்துகொண்டிருந்தார்கள். சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பி.ஏ. பட்டதாரிகளான ஸி. வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும் அந்தச் செமினரியில் படித்தவர்களே. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் படித்த பெண்கள் வேண்டாமா? மிஷன்காரர்கள் கல்விமான்கள் மட்டுமல்ல, நல்ல தரகர்களுங்கூட.

வின்ஸ்லோ அம்மையார் 1833 ஜனவரியில், 36 வயதில், காலமானார். பொறுப்பு ஸ்பால்டிங் தம்பதிகளிடம் வந்தது. அவர்களுடன் சேர்ந்து உழைக்க ஆக்னியு அம்மையார் வந்தார். சில ஆண்டுகளில் பள்ளியின் முழுப் பாரமும் அவருடையதாயிற்று. 1879 வரையில் அவர் அதை இறக்கி வைக்கவில்லை.

நாற்பது ஆண்டு காலம் ஓர் உபாத்தினி செய்த வேலையை எப்படி எழுதுவது? யுத்தம் செய்த ராஜாவுக்கு வருஷா வருஷம் ஒரு செய்தி உண்டு. உபாத்தினிக்கு உள்ளதெல்லாம் ஒரே செய்திதான்: இன்றும் மணி அடித்தது, இன்றும் குழந்தைகள் வந்தார்கள். அதிகாலையில் எழுந்து பிரார்த்தனை, பாட்டு, பிறகு வாசிப்பு, எழுத்து, கணக்கு, பூகோளம், பின்னர் தையல், சமையல் வேலையில் உதவி, மாலையில் மறுபடியும் பிரார்த்தனை, பாட்டு. விடுமுறை நாட்களில் அம்மையார் பழைய மாணவிகளின் வீடுகளைத் தேடிப் போவார். முதலில் தாயைப் படிப்பித்தார், பிறகு அவள் மகளை. கடைசியில் பேத்திகளும் வந்தார்கள். ஒரு தடவை ஊருக்குப் போய் ஓய்வெடுத்துக்கொண்டு வரலாமே என்று மற்றவர்கள் சொன்னால், அதற்கு அவகாசமில்லை, வேலை அதிகமாயிருக்கிறது என்பதுதான் அவர் மறுமொழியாம். நாற்பத்து மூன்று ஆண்டுகளாக அந்த அவகாசம் அவருக்குக் கிடைக்கவேயில்லை.

அந்தத் தினசரித் திட்டத்தில் பாட்டு இருந்தது என்று சொன்னேன் அல்லவா? அதன் விசேஷம் இன்றைய நேயர்களுக்குச் சட்டென்று விளங்காது. நம் பெண்கள் எக்காலத்திலும் பாடாமல் இருந்ததில்லை. தொட்டிலருகில் தாலாட்டு, கல்யாணத்தில் நலங்கும் ஊஞ்சலும், வயலில் நடவுப் பாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி. ஆனால் அவையெல்லாம் வீட்டோடு அல்லது வேலையோடு போய்விடுபவை. நாலு பேர் நடுவில், ஆண்களும் இருக்கும் சபையில், குடும்பத்துப் பெண் வாயைத் திறந்து பாடுவதா? அது தேவதாசிகளுக்கு உரியது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். படிப்பைப் பற்றியும் அதே எண்ணம்! வாசிக்கவும் பாடவும் தெரிந்த பெண் என்றால், "அப்படியா?" என்று ஒரு மாதிரியாகக் கேட்பார்கள். இத்தகைய ஊரில் குடும்பத்துப் பெண்கள் வரிசையாக நின்று, புத்தகத்தைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு, எழுத்தைப் பார்த்துப் பாடினார்கள். இரண்டு தடைகளும் ஒரே மூச்சில் உடைந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்த தகப்பன்மார் முதன்முதலில் தங்கள் பெண்களின் குரலைச் சபையிலே கேட்டார்கள்.

ஆக்னியு அம்மையார் ஸங்கீத விதூஷி என்று நான் சொல்ல வரவில்லை. அவர் உபாத்தினி. ஆனால் கோயிற் பாட்டென்பது அந்நாளில் வித்துவான்களால் நின்றதல்ல. தினம் இரு வேளை குழந்தைகளை நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்த இத்தகைய உபாத்தினிகளால்தான் நின்றது.

என்ன பாட்டுப் பாடினார்கள் என்ற கேள்வியும் உண்டு. இதில்தான் ஸுவாரசியமான சண்டை இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் இரண்டு விதப் பாட்டுகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஒன்று ஞானப்பாட்டு. மேல்நாட்டு மெட்டுக்குத் தமிழ்ச் சொற்களை அளந்து வைத்தது. ஜெர்மனியிலிருந்து வந்த பப்ரீஷியஸ் ஐயர் 18-ஆம் நூற்றாண்டிலேயே இவற்றை ஏராளமாகச் செய்துவிட்டார். உடுவில் ஸ்பால்டிங் பாதிரியாரும் தமிழில் பல பாட்டுகள் கட்டினார். ஜான் பனியனுடைய மோட்சப் பிரயாணக் கதையைத் தமிழாக்கியவரும் அவரே. மற்றொன்று கீர்த்தனை. பல்லவி, அனுபல்லவி, சரணம், ராகம், தாளம் எல்லாம் நம்முடையவை.

மேல்நாட்டு மெட்டில் தமிழைப் பாடும்போது ஒரு சங்கடம் உண்டு. மெட்டு நீளும் இடத்தில் சொல்லும் நீண்டாகவேண்டும். குறிலா நெடிலா என்று மெட்டுக்குத் தெரியாது. 'மலை' என்று எழுதியிருக்கும். பாடினால் 'மாலை' ஆகிவிடும். 'படு' என்பது 'பாடு' ஆகும். 'கல்' 'கால்' ஆகும். வெள்ளைக்காரப் பாதிரியார் பரவசத்துடன் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பின் வரிசையில் கிழவர் ஒருவர், மலை எப்போது மாலையாயிற்று என்று யோசித்துக்கொண்டிருப்பார். எதுகை மோனையில் ஊறிய செவிக்கு இது பெரிய தண்டனை.

தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் இருந்தார். 1774-ல் பாளையங்கோட்டையில் பிறந்து, ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்து, சரபோஜி மகாராஜாவின் அபிமானத்தைப் பெற்ற கவிஞர். குறவஞ்சியும் கீர்த்தனையுமாகப் பாடித் தள்ளினார். ஆனால் தஞ்சைக் கோயிலில் பிற்காலத்தில் வந்த இளம் பாதிரிமார்கள், சாதி விஷயத்தோடு சேர்த்து இந்தப் பாட்டையும் கோயிலுக்கு ஆகாது என்று தள்ளிவிட்டார்கள். நம் ராகங்களில் அவர்களுக்குச் சதிர்க் கச்சேரியின் வாடை அடித்திருக்கவேண்டும். சாதியைக் கோயிலுக்குள் விடமாட்டோம் என்றதில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அந்த விஷயத்தில் சாஸ்திரியார் கட்சியை நான் ஆதரிக்கமாட்டேன். ஆனால் தோடியும் கல்யாணியும் என்ன பாவம் செய்தன?

அவற்றைத் திரும்பக் கோயிலுக்குள் அழைத்தவர் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் பாதிரியார். அதாவது, ஸ்பால்டிங் தோணி ஏறி வந்து அடிகோலிய அதே மிஷன். வெப் கிராமம் கிராமமாகப் போனவர். மேல்நாட்டு மெட்டில் வாய் திறக்காத ஜனங்கள், கீர்த்தனை என்றால் விடிய விடியப் பாடுகிறார்கள் என்பதைக் கண்டார். சாஸ்திரியாரின் பாடல்களை முதன்மையாகக் கொண்டு 1853-ல் ஒரு தொகுதியை அச்சிட்டார். அன்றிலிருந்து கீர்த்தனைகள் மதுரைச் சீமையிலும் சேதுக்கரையிலும் பரவின. கடலுக்கு அக்கரையிலும் பரவின. எழுத்தறியாத கிழவிக்கும் வேத புத்தகத்தின் கதை கீர்த்தனையில் மனப்பாடமாயிற்று. கிறிஸ்தவம் தமிழ்நாட்டில் தமிழாகப் பேச ஆரம்பித்தது 1853-ல்தான் என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் தரங்கம்பாடிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இனி உடுவிலில் நடந்த ஒரு துக்கத்தைச் சொல்லவேண்டும். 1855-ல் ஆண்டர்சன் என்ற அமெரிக்க மிஷன் காரியதரிசி இன்னொருவருடன் பாஸ்டனிலிருந்து பரிசோதனைக்கு வந்தார். மதுரையையும் பார்த்தார், யாழ்ப்பாணத்தையும் பார்த்தார். அவர் கொள்கை வேறு. ஆங்கிலம் படித்தவர்கள் சர்க்கார் வேலைக்கு ஓடிவிடுகிறார்கள், கிராமத்துச் சபைகளுக்கு ஆள் இல்லை. ஆகவே ஆங்கிலம் வேண்டாம், தாய்மொழிக் கல்வி போதும் என்றார். வட்டுக்கோட்டைச் செமினரியை அந்த வருஷமே மூடிவிட்டார்கள். உடுவில் பள்ளி தப்பிப் பிழைத்தது. ஆனால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், ஆங்கிலப் பாடத்தை எடுத்துவிட்டார்கள்.

தாய்மொழிக் கல்வி என்றவுடன் நமக்கெல்லாம் மகிழ்ச்சி பொங்கவேண்டும். எனக்குப் பாதி மகிழ்ச்சிதான். தமிழில் எல்லாம் படிப்பிக்க வேண்டும் என்பது நம் கொள்கை. மானிப்பாயில் டாக்டர் கிரீன் துரை தமிழிலேயே வைத்திய சாஸ்திரம் கற்பித்துக் காட்டினார் என்பதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஆனால் வெளியூரிலிருந்து வந்த ஒருவர், "உங்களுக்கு இவ்வளவு கல்வி போதும்" என்று கோடு போட்டுவிட்டுக் கப்பலேறுவது வேறு விஷயம். யாழ்ப்பாணத்தார் அதை ஒப்பவில்லை. அவர்களே முயன்று 1872-ல் யாழ்ப்பாணக் கல்லூரியை வட்டுக்கோட்டையில் எழுப்பினார்கள். உடுவிலில் ஆக்னியு அம்மையார் மிஞ்சிய குழந்தைகளை வைத்துக்கொண்டு, மணியை அடித்து, பாட்டைத் தொடங்கி, வேலையைத் தொடர்ந்து நடத்தினார். அதிகாரிகள் வருவார்கள், திட்டம் போடுவார்கள், போவார்கள். காலை எட்டு மணிக்கு வகுப்பில் நிற்கவேண்டியவர் வேறொருவர். இது எல்லாப் பாடசாலைகளிலும் உள்ள கதை.

1879-ல் பள்ளியை அடுத்தவரிடம் ஒப்புவித்தபோது அவருக்கு வயது 72. அப்போதும் ஊர் திரும்பவில்லை. மானிப்பாயில் லீச் சகோதரிகள் என்ற இரு அமெரிக்கப் பெண்மணிகள் அவரைத் தங்களோடு வைத்துப் பராமரித்தார்கள். 1883 ஜூன் மாதம் அங்கேயே காலமானார். அவரிடம் படித்த பெண்கள் ஆயிரத்துக்கு மேல் என்று அந்தச் சகோதரிகள் தங்கள் புத்தகத்தில் கணக்குச் சொல்கிறார்கள். மணம் செய்துகொள்ளாத அவருக்கு "ஆயிரம் பெண்களின் தாயார்" என்ற பட்டம் நிலைத்துவிட்டது.

நண்பரின் ஆட்சேபத்துக்கு இப்போது வருகிறேன். ஆயிரம் பேரில் 600-க்கு மேற்பட்டவர்கள் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தார்கள். இதை மறைப்பதற்கில்லை, அம்மையாரே மறைக்கமாட்டார். அதற்காகத்தான் கடல் கடந்து வந்தார். தாய் தகப்பனுக்கு அது எத்தகைய வேதனையாயிருந்திருக்கும் என்பதையும் மறப்பதற்கில்லை. ஆறுமுக நாவலர் 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை திறந்தது இந்த வேதனையின் பலனே. ஆனால் நாவலர் பாடசாலையும் பையன்களுக்குத்தான்! பெண்ணுக்கு எழுத்து வேண்டுமானால் பாதிரி வீட்டுக்குத்தான் போகவேண்டும் என்ற நிலையை யார் வைத்திருந்தது? நாம்தான் வைத்திருந்தோம். நம் வாசலைச் சாத்திவிட்டு, திறந்திருந்த வாசலுக்குள் குழந்தை போய்விட்டது என்று கோபித்துக்கொள்வது எப்படி நியாயமாகும்?

எனக்கு அந்த 600 பேரைவிட மற்ற 400 பேரைப் பற்றித்தான் அதிகமாக நினைவு ஓடுகிறது. அவர்கள் பொட்டும் பூவுமாகவே வீடு திரும்பினார்கள். கையில் எழுத்து இருந்தது. புருஷன் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் தாங்களே கடிதம் எழுதினார்கள். வந்த கடிதத்தைப் படிக்க அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மாலையில் விளக்கேற்றி அவர்கள் தேவாரம் பாடியபோது, அடியைச் சேர்த்து, எழுத்தைப் பார்த்து, ஸ்பஷ்டமாகப் பாடியிருப்பார்கள் அல்லவா? அந்தப் பழக்கம் அவர்களுக்கு வந்தது எங்கே?

சைவர்களின் விடை 1913-ல் வந்தது. பொன்னம்பலம் இராமநாதன் துரையவர்கள், உடுவிலுக்கு அடுத்தாற்போல் மருதனார்மடத்தில், பெண்களுக்கென்றே ஒரு கல்லூரி கட்டினார். சைவப் பெண் இனிப் படிப்புக்காக வேறு கோயிலுக்குப் போகவேண்டியதில்லை என்றாயிற்று. அந்தக் கல்லூரியைச் சார்ந்து பிற்காலத்தில் ஒரு ஸங்கீத கலாசாலையும் தோன்றி வளர்ந்து, இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடக்கிறது. வின்ஸ்லோ அம்மையாருக்கும் ஆக்னியு அம்மையாருக்கும் இதைவிடப் பெரிய எதிர்ப்பும் இல்லை, இதைவிடப் பெரிய மரியாதையும் இல்லை என்பது என் அபிப்பிராயம். நண்பர் ஒப்புக்கொள்ளாவிட்டால் இன்னொரு கடிதம் எழுதலாம்.

பிரெஸ்பிடீரியன் என்ற பெயரும் இந்தப் பக்கங்களில் மெல்ல மறைந்துவிட்டது. தென்னிந்தியாவில் பிரெஸ்பிடீரியன் சபையாரும் அமெரிக்க மிஷன் சபையாரும் 1908-ல் ஒன்றானார்கள். 1947 செப்டம்பரில் ஆங்கிலிகன், மெதடிஸ்ட் சபையாரும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஏற்பட்டது. தேசம் சுதந்தரம் பெற்று ஆறு வாரங்கள் கழிந்தபின் நடந்த காரியம் இது. யாழ்ப்பாணமும் அதில் ஓர் அத்தியட்சாதீனமாகச் சேர்ந்தது. முதல் அத்தியட்சர் குலேந்திரன் என்ற தமிழர். இந்தியாவும் இலங்கையும் இரண்டு ராஜ்யங்களான பிறகும், சேதுவின் இரு கரையும் அந்த ஒரு விஷயத்தில் ஒரே வீடாக இருக்கின்றன. உடுவில் பள்ளி 2024-ல் 200 ஆண்டு நிறைந்துவிட்டது. நெடுங்காலமாகத் தமிழ்ப் பெண்மணிகளே அதன் தலைமையில் இருந்து வருகிறார்கள்.

இக்கரையில், நம் மானாமதுரையில், கணவரை இழந்த பின்பும் மதுரைக்குப் போய்ப் பெண்களுக்காக உழைத்த ஸாரா கேப்ரன் அம்மையாரின் கதை ஒன்று பாக்கி இருக்கிறது. ஆசிரியர் இடம் கொடுத்தால் அதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.